ஒலிக்குக் கைப்பிடி போட்டவர்: ராபர்ட் மோக்



ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு அறிஞரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று மன்றச் செயலாளர் அண்ணன் சொன்னதுமே எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் எல்லோரையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் ராபர்ட் மோக் என்றேன். யாருடா அது என்று வகுப்பே திரும்பிப் பார்த்தது. குற்றம் சொல்ல முடியாது. நானும் அந்தப் பெயரைப் போன வருஷம்தான் முதன்முதலாகக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா மைக் செட் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராக ஆம்ப்ளிஃபையரும் பாக்ஸும் தூக்கியே என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அப்படிப்பட்ட எனக்கு முதல் வருஷத்தில் இரண்டு அரியர். பேசாமல் படிப்பை விட்டுட்டு அப்பா கூடவே போயிடலாமா என்று தினமும் ராத்திரி ஒரு யோசனை ஓடும். வீட்டில் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஆர்கெஸ்ட்ரா கீபோர்டு அண்ணன் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே 1980களில் வந்த பழைய ஜப்பான் சிந்தசைசர். ஆன் செய்தால் விளக்கு எரிகிறது. ஆனால் அதில் சேமித்து வைத்திருந்த ஒலிகள் எல்லாம் போச்சு. குப்பை மாதிரி ஏதோ சத்தம் வருகிறது. உங்க பையன் எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறான், பார்க்கச் சொல்லுங்க என்று விட்டுவிட்டுப் போனார்.

லேபில் சாரிடம் அனுமதி வாங்கித் திறந்தேன். போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி. 3 வோல்ட் காட்ட வேண்டியது, 1 வோல்ட்கூடக் காட்டவில்லை. அதை மாற்றிவிட்டேன். ஆனால் செத்துப்போன பேட்டரியோடு நினைவும் செத்துவிட்டதே! அதைக் கம்ப்யூட்டரிலிருந்து திருப்பி ஏற்ற வேண்டும் என்றார் சார். மிடி ஒயரை மாட்டி, ஒலிகள் அடங்கிய ஃபைலை அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால் மெமரி ப்ரொடெக்ட் என்ற பூட்டு ஆனில் இருக்கிறது! அதை ஆஃப் செய்து மறுபடி அனுப்பியதும், ஒரு மூச்சு விடும் நேரத்தில் எல்லா ஒலியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதோடு விடவில்லை. அந்தப் பெட்டியின் முகப்பில் இருப்பது இரண்டு வரி டிஸ்ப்ளேயும் சில பட்டன்களும்தான். ஒரு ஒலியைத் திருத்துவதென்றால் சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்க்கிற கதை. கம்ப்யூட்டரில் எடிட்டர் சாஃப்ட்வேரைப் போட்டால் முழு வீடும் ஒரே திரையில் தெரிகிறது. புல்லாங்குழல் எடுத்ததும் வெட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக எழும்ப வேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்தார். திரையில் அட்டாக் கோட்டைச் சாய்த்தேன். எங்கோ ஜப்பானில் நாற்பது வருஷத்துக்கு முன் செய்த இரும்புப் பெட்டி, நான் சொன்னபடி மெதுவாக ஊதியது. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று ஒரு ஒலிக்கு நாலு பருவம் வைத்தது யார் சார் என்று கேட்டேன். அதற்கு மோக் கதையைப் படி என்றார். படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கைபடாத வாத்தியம்

ராபர்ட் மோக் 1934 மே 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் மோக், மின்சாரக் கம்பெனி ஒன்றில் என்ஜினீயர். தாயாருக்கு மகன் பெரிய பியானோ கலைஞனாக வேண்டும் என்று ஆசை. பையனுக்கோ தந்தையின் பட்டறையில்தான் மனசு. மேலே பியானோ, கீழே சால்டரிங் அயர்ன் என்று வளர்ந்த பிள்ளை. கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பதினான்கு வயதில் ஒரு பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து அவர் ஒரு தேரமின் செய்தார். தேரமின் என்பது ரஷ்ய விஞ்ஞானி லெவ் தேரமின் 1920 வாக்கில் கண்டுபிடித்த கருவி. இரண்டு ஆன்டெனா இருக்கும். ஒன்றின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், இன்னொன்றின் பக்கத்தில் கையை அசைத்தால் ஒலியின் அளவு மாறும். கருவியைத் தொடவே வேண்டாம். நம் உடம்பே கெபாசிட்டரின் ஒரு தகடாக வேலை செய்கிறது. அவ்வளவுதான் தத்துவம்.

1954இல், இன்னும் இருபது வயதே ஆகாத நிலையில், தேரமின் செய்வது எப்படி என்று ஒரு ரேடியோ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தந்தையும் மகனுமாக வீட்டின் கீழ்த்தளத்தில் தேரமின் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1961இல் டிரான்சிஸ்டர் வைத்த தேரமினுக்கு வரைபடம் வெளியிட்டு, பாகங்களைப் பெட்டியில் கட்டி 49.95 டாலர் விலைக்குக் கொடுத்தார். சுமார் 1000 பெட்டிகள் விற்றன. அந்தப் பணம்தான் அவர் படிப்புக்கு உதவியது.

படிப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவீன்ஸ் கல்லூரியில் இயற்பியலும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும் முடித்து, 1957இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டாக்டர் பட்டம் கையில் வந்தது 1965இல்! எட்டு வருஷம். சம்சாரம், வியாபாரம், சால்டரிங் என்று எல்லாம் இழுத்தது. இழுத்தாலும் அவர் விடவில்லை. இரண்டு அரியருக்கே மூட்டை கட்ட நினைத்த எனக்கு அந்த எட்டு வருஷம் சுருக்கென்று பட்டது.

ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

1963 இறுதியில் ராசெஸ்டர் நகரில் இசை ஆசிரியர்கள் மாநாடு நடந்தது. அங்கே மோக் தேரமின் கடை போட்டிருந்தார். ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசை ஆசிரியர் வந்து பேச்சுக் கொடுத்தார். மோக் விற்ற பெட்டியை வாங்கித் தேரமின் செய்து பார்த்தவர் அவர். எலெக்ட்ரானிக் இசை அமைக்க எங்களுக்குச் சரியான கருவி இல்லையே என்பது அவர் குறை.

அன்றைய நிலைமை என்ன? கொலம்பியா-பிரின்ஸ்டன் இசை மையத்தில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் மார்க் 2 சிந்தசைசர் இருந்தது. 1957இல் நிறுவியது. ஒரு அறை முழுக்க வால்வுகள். காகித நாடாவில் துளை போட்டு அதற்குள் செலுத்தினால்தான் பாடும். சாதாரண இசைக்காரன் அதன் கிட்டே போக முடியாது. மற்றவர்கள் டேப்பை வெட்டி ஒட்டி இசை செய்தார்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு நாள் கணக்கில் கத்தரிக்கோல் வேலை.

1964 கோடையில் டிரமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மோக்கும் டாய்ச்சும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கேதான் அந்தப் பெரிய யோசனை செயலுக்கு வந்தது. ஒலியின் சுருதியை மாற்ற எதற்கு ஒரு மனிதன் குமிழைத் திருக வேண்டும்? ஒரு வோல்டேஜ் அந்த வேலையைச் செய்யட்டுமே!

நண்பர்களே, டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வளைவை லேபில் வரைந்திருக்கிறோம் அல்லவா? வோல்டேஜ் நேராகக் கூடினால் கரன்ட் மடங்கு மடங்காக ஏறும். நான் அதை மார்க்குக்காக வரைந்தேன். மோக் அதில் ஆர்மோனியத்தைப் பார்த்தார். நம் காதும் அப்படித்தானே கேட்கிறது? ச வுக்கு 200 ஹெர்ட்ஸ் என்றால் மேல் ச வுக்கு 400, அதற்கும் மேல் ச வுக்கு 800. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் இரட்டிப்பு. ஆகவே ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும்படி ஆஸிலேட்டரை அமைத்தார். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. ஒரு கட்டைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட். சுருதிக்கு ஒரு வோல்டேஜ், ஒலி அளவுக்கு ஒரு வோல்டேஜ், பிறகு ஃபில்டருக்கு ஒரு வோல்டேஜ்.

இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். வோல்டேஜ் எங்கிருந்து வந்தது என்று ஆஸிலேட்டர் கேட்பதில்லை. கீபோர்டிலிருந்து வரலாம், இன்னொரு ஆஸிலேட்டரிலிருந்து வரலாம், பின்னாளில் வரப்போகும் ஏதோ ஒரு கருவியிலிருந்தும் வரலாம். ஒலிக்கு அவர் ஒரு கைப்பிடி போட்டு வைத்தார். பிடிக்கிற கை யாருடையதாகவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஆடியோ என்ஜினீயர்கள் மாநாட்டில் அதைக் காட்டினார். கலிஃபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் அதே காலத்தில் தனியாக இதே வழியில் கருவி செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கேட்டுக் கேட்டுச் செய்தவர்

மோக்கின் பெரிய திறமை கேட்பது. 1965இல் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர், ஒலி எழுவது, சற்று இறங்குவது, நிலைப்பது, அடங்குவது என்று நான்கு பருவத்தைத் தனித்தனியாக அமைக்கும் பகுதி வேண்டும் என்று எழுதிக் கேட்டார். மோக் செய்து கொடுத்தார். என் புல்லாங்குழல் பிரச்சினை தீர்ந்தது அதனால்தான்! அட்டாக், டிகே என்ற பெயர்கள் பிறகு நிலைத்தன. வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அடுத்து ஃபில்டர். டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக அடுக்கி, ஜோடிகளுக்கு நடுவே கெபாசிட்டர்களைப் படிக்கட்டுபோல வைத்தார். பார்க்க ஏணி மாதிரி இருக்கும், பெயரும் ஏணி ஃபில்டர். ஸ்தாயிக்கு 24 டெசிபல் வெட்டும். 1969 அக்டோபர் 28 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தச் செழிப்பான ஒலியை இன்றும் சாஃப்ட்வேரில் போலி செய்து பார்க்கிறார்கள் என்றால் பாருங்கள்.

1968இல் வெண்டி கார்லோஸ் என்ற கலைஞர் பாக் எழுதிய இசையை மோக் சிந்தசைசரில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழுப்பும். ஒவ்வொரு வரியாக வாசித்து, எட்டு டிராக் டேப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, மூன்று கிராமி விருதுகள் வாங்கியது. 1969இல் பீட்டில்ஸ் குழுவின் அபே ரோட் இசைத்தட்டிலும் மோக் ஒலித்தது. உலகமே மோக், மோக் என்றது.

ஆனால் அது அலமாரி அளவுக் கருவி. ஒயர்களை மாட்டிக் கழற்றியே பொழுது போய்விடும். கம்பெனி என்ஜினீயர் பில் ஹெம்சத், மிச்சம் மீதி பாகங்களைச் சேர்த்து ஒரு சின்ன மாதிரியைச் செய்தார். அதிலிருந்து 1970இல் மினிமோக் பிறந்தது. மூன்று ஆஸிலேட்டர், 44 கட்டை, உள்ளுக்குள்ளேயே இணைப்பு. தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகலாம். 1981 வரை 12,000க்கும் மேல் செய்தார்கள்.

பெயரைப் பறிகொடுத்தார்

இப்படிப்பட்டவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மோக்குக்குக் கணக்கு வழக்கு வராது. கடன் ஏறியது. 1971இல் கம்பெனியை விற்க வேண்டியதாயிற்று. 1973இல் அது நார்லின் என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. தன் பெயர் எழுதிய கட்டிடத்தில் சம்பள ஆளாக வேலை பார்த்து, 1977இல் வெளியே வந்தார். வந்தபோது ஒன்று தெரிந்தது. மோக் என்ற பெயரைத் தன் கருவியில் போட அவருக்கே உரிமையில்லை. அப்பா வைத்த குடும்பப் பெயர், ஆனால் வியாபாரத்தில் அது வேறொருவர் சொத்து!

இன்னொருவர் என்றால் உடைந்துபோயிருப்பார். அவர் 1978இல் வட கரோலினா மலைப்பக்கம் குடிபோய், பிக் பிரையர் என்ற வேறு பெயரில் சிறு பட்டறை வைத்தார். பதினான்கு வயதில் செய்த அதே தேரமினை மறுபடி செய்து விற்றார். 1984 முதல் 1988 வரை கர்ஸ்வைல் கம்பெனியில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தார். பிறகு ஆஷ்வில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பெயர் போனாலும் கைத்தொழில் போகவில்லை.

கம்ப்யூட்டர் பிடித்த கைப்பிடி

இதற்கிடையே உலகம் மாறியது. பழைய மினிமோக்குக்கு நினைவாற்றல் கிடையாது. நல்ல ஒலி ஒன்று கிடைத்தால், எந்தக் குமிழ் எந்த இடத்தில் நின்றது என்று காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1978இல் டேவ் ஸ்மித்தின் புராஃபெட்-5 மைக்ரோபிராசஸர் வைத்து 40 ஒலிகளை ஞாபகத்தில் வைத்தது. பிறகு ஸ்மித்தும், ரோலண்ட் கம்பெனியின் இகுதாரோ ககேஹாஷியும் மற்றவர்களும் சேர்ந்து எல்லாக் கம்பெனிக் கருவிகளும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி கொண்டுவந்தார்கள். அதுதான் மிடி. 1982 அக்டோபரில் கீபோர்டு பத்திரிகையில் அதை உலகுக்கு அறிவித்து எழுதியவர் யார் தெரியுமா? நம்ம மோக்! 1983 ஜனவரியில் இரண்டு வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒரே ஒயரில் இணைத்துக் காட்டினார்கள்.

மிடி ஒயரில் நொடிக்கு 31,250 பிட் ஓடும். அதில் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் என்றொரு செய்தி உண்டு. 240 என்ற எண்ணில் தொடங்கி 247இல் முடியும். நடுவில் முதலில் கம்பெனியின் எண், பிறகு அந்தக் கருவிக்கு மட்டும் புரியும் விஷயம். யமஹாவுக்கு 67, மோக்குக்கு 4. 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ். 7இல் 32 ஒலிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 அளவுகள்; அத்தனையும் 4,096 பைட்டில் அடங்கிவிடும். எடிட்டர் சாஃப்ட்வேர் செய்வது இதைத்தான்: எண்களை வாங்கி, கோடாகவும் குமிழாகவும் திரையில் காட்டி, நாம் மாற்றியதைத் திருப்பி அனுப்புகிறது.

1960களின் மோக் கருவிகளையும் கம்ப்யூட்டர் வாசிக்க முடியும். மிடி சுரத்தை வோல்டேஜாக மாற்றும் ஒரு பெட்டி நடுவில் இருந்தால் போதும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அவற்றின் ஒலியைத் திருத்தக் கையால்தான் குமிழைத் திருக வேண்டும். அந்தக் குறையையும் மோக்கே தீர்த்தார். 2002இல், நீண்ட போராட்டத்துக்குப் பின், தன் பெயரை மீட்டார். பிக் பிரையர் மறுபடி மோக் மியூசிக் ஆனது. அதே ஆண்டு மினிமோக் வாயேஜர் வந்தது. ஒலி பழைய அனலாக் ஒலி. ஆனால் 128 ஒலிகளை ஞாபகம் வைக்கும், மிடியில் பேசும்.

மூன்றே வருஷம். மூளையில் கட்டி கண்டு, 2005 ஆகஸ்ட் 21 அன்று ஆஷ்வில்லில் தமது 71ஆம் வயதில் காலமானார். 2023இல் கம்பெனி இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி என்ற கணக்கு இன்றும் எத்தனையோ கம்பெனிகள் செய்யும் கருவிகளில் ஓடுகிறது. அதை யார் விலைக்கு வாங்க முடியும்?

கடைசியாக

கீபோர்டு அண்ணனின் பெட்டியை மூடும் முன் ஒரு வேலை செய்தேன். புது பேட்டரியை நேராக சால்டர் செய்யாமல், ஒரு ஹோல்டர் வைத்தேன். அடுத்தமுறை மாற்றுகிறவர் சால்டரிங் அயர்ன் தேட வேண்டியதில்லை. பேட்டரி போட்ட தேதியை உள்மூடியில் எழ்துகோலால் எழுதி, ஒலிகளை இரண்டு இடத்தில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். சின்ன விஷயம்தான். ஆனால் பின்னால் வருகிறவன் பிடிக்க ஒரு கைப்பிடி விட்டுவைப்பது எப்படி என்று மோக்கிடம் கற்றேன்.

இந்த வருஷக் கொடையில் அந்தப் புல்லாங்குழல் ஒலித்தது. மிக்ஸர் பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், எப்படிடா செஞ்சே என்று மட்டும் கேட்டார். ராத்திரி லாரியில் சாமானோடு திரும்பும்போது வழி நெடுக அந்த பேஸ்-எமிட்டர் வளைவை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி புரிந்தது என்றார். பாக்ஸ் சூடாகும்போது டிரான்சிஸ்டர் போவது இதனால்தானா என்று ஒரு கேள்வியும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் மறுநாள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

இரண்டு அரியரில் ஒன்று கிளியர் ஆகிவிட்டது. இன்னொன்றை வருகிற தேர்வில் எழுதுகிறேன். எட்டு வருஷம் ஆகாது என்று நம்புகிறேன்!



— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை